பாழ்நகர்களும் பழங்குளங்களும்: கல்விச் சுற்றுலாவொன்றை வகுக்கும் முறை

ஏட்டிற் கற்ற வரலாறு கண்ணாற் கண்டவிடத்தே உறுதிபெறும் என்பது கல்வியாளர் யாவர்க்கும் உடன்பாடான கருத்து. ஆயினும், காண்டல் ஒன்றே கற்றலாகிவிடாது. இரண்டு நாளிற் பன்னிரண்டு இடங்களைத் தொட்டு மீளும் சுற்றுலாக்கள் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. அவற்றிற் சென்று திரும்பிய மாணவனை, அநுராதபுரத்திற் கண்டது யாதென வினவினால், பெரியதொரு வெள்ளைத் தூபியைக் கண்டதாகவும், வெயில் கடுமையாக இருந்ததாகவும் கூறுவான். அத்தூபிகள் சூழ்ந்த நகரம் ஏன் அவ்விடத்தில் எழுந்தது, பின்னர் ஏன் காடாயிற்று என வினவினால் விடையிறான். குறை மாணவனிடத்ததன்று, சுற்றுலாவை வகுத்த முறையிலேயே உள்ளது.

வடபகுதிக் கல்லூரிகளைப் பொறுத்தவரை இதனை ஆராய்தல் இன்னும் இன்றியமையாதது. 1990ஆம் ஆண்டில் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதச் சேவை 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேயே மீண்டும் தொடங்கியது. போர்க்காலத்தில் ஏ-9 வீதியும் பல்லாண்டுகள் மூடப்பட்டிருந்தது. ஆதலின், நாட்டின் பழைய இராசதானிகளைப் பாடநூற் படங்களில் மட்டுமே கண்டு வளர்ந்த தலைமுறையொன்று உருவாயிற்று. அத்தலைமுறையினருட் பலர் இன்று ஆசிரியராய் விளங்குகின்றனர். தாம் மாணவராயிருந்தபோது காணாதவற்றைத் தம் மாணவர்க்குக் காட்ட விழைவோர்க்குத் திட்டமொன்று துணைசெய்யும். யாழ்ப்பாணத்திற் புறப்பட்டு, அநுராதபுரம், மிகிந்தலை, கலாவாவி, தம்புள்ளை, சிகிரியா, மின்னேரியா, பொலன்னறுவை, கந்தளாய் ஆகியவற்றைக் கண்டு, திருக்கோணமலை வழியாக மீளும் ஆறு நாட் சுற்றுலாவொன்று எவ்வாறு வகுக்கப்படல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஒரு வினாவே வழியாதல்

நல்ல சுற்றுலாவுக்கு முதற்கண் வேண்டுவது இடங்களின் பட்டியலன்று, ஒரு வினா. அவ்வினாவுக்கு விடைதரும் இடங்களே காணத்தக்கன; ஏனையவை எத்துணைப் புகழ் பெற்றனவாயினும் இன்னொரு செலவுக்கு விடப்படத்தக்கன. இப்பகுதிக்குப் பொருந்தும் வினா பின்வருமாறு: ஆண்டு மழைவீழ்ச்சி 1,750 மில்லிமீற்றருக்கு உட்பட்டதும், அம்மழையும் பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரையுள்ள மாதங்களிலேயே பெய்வதுமான உலர்வலயத்தில், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேரூர்கள் எவ்வாறு நிலைபெற்றன?

இவ்வினாவுக்கு விடை குளம் என்பதே. மழைநீரையும் ஆற்றுநீரையும் மறித்துத் தேக்கி, கால்வாய்வழிக் கொண்டுசென்று, வயலை விளைவித்தமையாலேயே தூபிக்குச் செங்கல்லும், துறவிக்குச் சோறும், சிற்பிக்குக் கூலியும் கிடைத்தன. எனவே, இடிபாடுகளை ஒரு பாடமாகவும் இயற்கைக் காட்சிகளை வேறொரு பாடமாகவும் பிரித்து வைத்தல் பொருந்தாது. குளம் மனிதர் ஆக்கியது; இன்று அதனை நாடி வாழ்பவை யானையும் நாரையும். காடு இயற்கை, எனினும் அக்காட்டின் மண்ணுக்கடியிற் கிடப்பது நகரம். நீர்வழியே சென்று காணும் மாணவன் இவ்விரண்டையும் ஒருசேர விளங்கிக்கொள்வான்.

காலமும் குழுவும்

மழைக்காலம் இச்செலவுக்கு ஏற்றதன்று. வாடைக்காற்று வீசும் மாதங்களிற் சிகிரியாப் பாறைப் படிகள் வழுக்கும். குளக்கட்டு வீதிகள் சில நீரில் மூழ்குதலும் உண்டு. கிழக்குக் கடலும் அப்போது கொந்தளிக்கும். வைகாசி முதல் ஆவணி வரையுள்ள காலமே தக்கது. அவற்றுள்ளும், ஆனி மாதத்தையொட்டி வரும் பொசொன் பூரணையை அடுத்த நாட்களைத் தவிர்த்தல் வேண்டும். அப்போது அநுராதபுரத்திலும் மிகிந்தலையிலும் பல்லாயிரம் யாத்திரிகர் கூடுவராதலின் தங்குமிடம் கிடைத்தல் அரிது. ஆறியமர்ந்து கற்றலும் இயலாது. ஆடி, ஆவணியிற் செல்வோர் வெப்பத்தைப் பொறுத்தல் வேண்டுமாயினும், மின்னேரியாவில் யானைகள் கூடும் காட்சியைக் காணும் வாய்ப்பைப் பெறுவர்.

ஒரு பஸ் வண்டிக்கு நாற்பது மாணவர் என்பதே எல்லையாகலாம். பத்து மாணவர்க்கு ஓர் ஆசிரியர் பொறுப்பாயிருத்தல் நன்று. நாற்பதின்மரையும் ஐவர் ஐவராக எட்டுக் குழுக்களாக வகுத்து, நீர்ப்பாசனம், கட்டடம், சிற்பமும் ஓவியமும், கல்வெட்டு, சமயம், மருத்துவம், மரஞ்செடிகொடிகள், விலங்கும் பறவையும் என ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொருளை அளித்தல் வேண்டும். புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரே ஒவ்வொரு குழுவும் தன் பொருள்பற்றி நூலகத்திற் படித்து, குறித்த இடத்தில் ஐந்து நிமிடம் பேசுவதற்கு ஆயத்தமாதல் நன்று. ஆசிரியர் கூறக் கேட்டதிலும், தான் கூறுதற்பொருட்டுத் தேடியதே மாணவன் நெஞ்சில் நெடுங்காலம் நிலைக்கும்.

செலவினைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். வண்டிக்கூலி, தங்குமிடம், உணவு, நுழைவுக் கட்டணம், வழிகாட்டிக்குரிய ஊதியம், மருந்து என்பன தனித்தனி கணக்கிடப்பட்டு, எதிர்பாராச் செலவுக்கென மொத்தத்திற் பத்திலொரு பங்கு கூட்டப்படல் வேண்டும். இத்தொகையை ஒருமுகமாய்க் கேட்பின் வறிய மாணவர் தாமாகவே ஒதுங்கிக்கொள்வர், காரணமும் கூறார். ஆண்டின் தொடக்கத்திலிருந்தே சிறிது சிறிதாகச் சேர்த்தலும், பழைய மாணவர் உதவியைப் பெயர் வெளிப்படாவகையிற் பயன்படுத்தலும் இதற்குப் பரிகாரமாம். பணமின்மையால் ஒரு மாணவனேனும் விடுபட்டானாயின், அச்சுற்றுலா தொடங்குமுன்னரே ஒரு பாடத்திற் தோற்றதாகும்.

வழிகாட்டியின் கடமை

வழிகாட்டி எல்லாவற்றையும் அறிந்தவராயிருத்தல் அரிது. அறிந்ததனையும் அறியாததனையும் பிரித்துக் கூறவல்லவராயிருத்தல் போதும். கல்வெட்டுக் கூறுவது இது, மகாவமிசமும் சூளவமிசமும் கூறுவது இது, ஊரார் செவிவழிக் கூறுவது இது, அகழ்வாராய்ச்சி காட்டுவது இது என நான்கினையும் வேறுபடுத்தி உரைப்பவரே மாணவர்க்கு ஏற்றவர். கதை கூறலாகாது என்பதன்று. கதையைக் கதையென்றே கூறல் வேண்டும் என்பதே கருத்து. தமிழிற் பேசும் வழிகாட்டி கிடையாவிடத்து, குழுவுடன் செல்லும் வரலாற்றாசிரியர் ஒருவர் முன்னரே அவ்விடங்களைச் சென்று பார்த்து வருதல் நன்று. தொல்பொருளியற் திணைக்களத்துக்கும் மத்திய கலாசார நிதியத்துக்கும் முன்கூட்டியே எழுதி, மாணவர் குழுக்களுக்குரிய ஒழுங்குகளைக் கேட்டறிந்துகொள்ளுதலும் வேண்டும்.

முதலிரு நாட்கள்: அநுராதபுரமும் மிகிந்தலையும்

யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரம் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். வைகறையிற் புறப்படின் முற்பகலிலேயே சேரலாம். ஆயினும் உச்சிவெயிலிற் தூபிகளைக் காணப் புகுதல் தகாது. காலணி களைந்தே அவ்விடங்களுட் செல்ல வேண்டுமாதலின், வெயிலிற் காய்ந்த கருங்கல்லும் மணலும் அடிகளைச் சுடும். சுடுங்காலோடு நிற்பவன் எதனையும் கேளான். முதனாட் பிற்பகலைத் திசாவாவிக் கட்டுக்கும் அதனை அடுத்துள்ள இசுருமுனிய விகாரைக்கும் ஒதுக்குதல் நன்று. குளத்தைக் கண்டபின் நகரைக் காண்பதே முறை. இசுருமுனியப் பாறையில் நீராடும் யானைகளாகச் செதுக்கப்பட்டவை பல்லவர் சிற்பமுறையை ஒத்தன என்பர். அவற்றை மாமல்லபுரத்துச் சிற்பங்களின் படங்களோடு ஒப்பிட்டு நோக்க மாணவரைப் பழக்கலாம்.

இரண்டாம் நாட் காலையில் ஸ்ரீ மகாபோதி, ருவன்வெலிசாய, சேதவனம், அபயகிரி என்னும் முறையிற் செல்லலாம். கி. மு. மூன்றாம் நூற்றாண்டிற் தேவநம்பிய தீசன் காலத்தில் நடப்பட்டதாகக் கூறப்படும் வெள்ளரசு இன்றும் வழிபடப்படுகின்றது. அங்கு நிற்போர் பார்வையாளரல்லர், விருந்தினர். மகாசேனன் எடுப்பித்த சேதவனத் தூபி தொடக்கத்தில் ஏறத்தாழ 122 மீற்றர் உயரமுடையதாய், எகிப்தின் இரு பெருங்கூம்பகங்களுக்கு அடுத்தபடியாக அக்கால உலகில் உயர்ந்து நின்றது. இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 71 மீற்றர். ஒன்பது கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் அதிற் பயன்பட்டன எனக் கணித்துள்ளனர். அத்துணைச் செங்கல்லைச் சுட விறகும், சுட்டோர்க்கு உணவும் எங்கிருந்து வந்தன என்று நீர்ப்பாசனக் குழு ஈண்டு வினவுமாயின், முதனாட் கண்ட குளம் உடனே விடையாகும்.

அபயகிரியில் மூன்று இடங்கள் சிறப்பாகக் காணத்தக்கன. ஒன்று, குட்டம் பொக்குண எனப்படும் இரட்டைக் குளங்கள். நீரானது நேரே குளத்துள் விழாது, சிறு தொட்டிகளுள் தங்கி, மண் படிந்தபின் மகரவாய் வழியாக உட்புகுமாறு அவை அமைக்கப்பட்டுள்ளன. மற்றொன்று, அபயகிரி விகாரையே. கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் ஈராண்டு தங்கிய சீனத்துறவி பாகியன், இங்குள்ள புத்தர் உருவின்முன் வணிகரொருவர் தம் நாட்டு வெண்பட்டு விசிறியைப் படைத்திருக்கக் கண்டு, ஊர்நினைவு மேலிடக் கண்ணீர் விட்டதாகத் தம் பயணக் குறிப்பிற் கூறியுள்ளார். பிறிதொன்று, பலர் காணாது செல்லும் தமிழ் இல்லறத்தார் மேடை. பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, தமிழ்க் குடும்பத்தலைவர்க்குரிய மாளிகையொன்றனைக் குறிப்பதுடன், அமர்வோர் பெயர்களையும் இருக்கைகளின் மேற் தருகின்றது. அவருள் ஒருவர் கப்பற்றலைவர். கிறித்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே இந்நகரிற் தமிழ் வணிகர் மதிப்போடு அமர்ந்திருந்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

பிற்பகலில், கிழக்கே ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மிகிந்தலைக்குச் செல்லலாம். 1,840 கருங்கற்படிகளில் ஏறுமுன், அடிவாரத்திலுள்ள மருத்துவசாலை இடிபாடுகளைக் காணுதல் வேண்டும். கி. பி. ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த அவ்விடத்தில், நோயாளர் தங்கிய சிற்றறைகளும், மனித உடலின் வடிவாய்க் குடையப்பட்ட மருந்துத்தொட்டியும் உள்ளன. மேலே, நான்காம் மகிந்தனின் கற்பலகைகள் இரண்டு விகாரைப் பணியாளர் ஒவ்வொருவர்க்கும் உரிய ஊதியத்தை வகுத்துரைக்கின்றன. அரசர் பெயரை மட்டுமே வரலாறென எண்ணிய மாணவனுக்கு, சமையற்காரனும் தச்சனும் வரலாற்றுள் இடம்பெறுவதை அப்பலகைகள் உணர்த்தும்.

மூன்றாம் நாள்: கலாவாவியும் தம்புள்ளையும்

சுற்றுலாக்கள் பல தவிர்க்கும் இடம் கலாவாவி. இத்திட்டத்திலோ அதுவே நடுநாயகம். கி. பி. 455 முதல் 473 வரை ஆண்ட தாதுசேனன் அமைத்த அவ்வாவியிலிருந்து அநுராதபுரத்துத் திசாவாவிக்கு நீர் கொண்டுசென்ற சயகங்கை என்னும் கால்வாய் ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் முதற் பதினேழு மைலில் மைலுக்கு ஆறு அங்குலமே சரிவு. தற்காலக் கருவிகள் இல்லாத காலத்தில் அத்துணை நுண்ணிய சரிவை அளந்தோர் யாவர் என வினவும் மாணவன் பொறியியலின் வாயிலில் நிற்கின்றான். பழைய மதகுகளிற் காணப்படும் பிசோகொட்டுவ என்னும் சதுரக் கிணறு, வெளியேறும் நீரின் அழுத்தத்தைத் தணித்து, மதகு உடையாமற் காத்தது.

இக்கட்டிலமர்ந்தே தாதுசேனன் கதையைக் கூறல் வேண்டும். அரசைக் கவர்ந்த மைந்தன் காசியப்பன் செல்வம் எங்கேயெனக் கேட்க, முதியவரசன் இவ்வாவிக்கு வந்து நீரைக் கையால் அள்ளி, தன் செல்வமெல்லாம் இதுவே என்றான் எனச் சூளவமிசம் கூறும். மறுநாட் சிகிரியாவைக் காணவிருக்கும் மாணவர்க்கு, தந்தை விட்ட குளமும் மகன் எடுத்த கோட்டையும் அருகருகே வைத்து எண்ணுதற்குரியன. ஒன்று இன்றும் வயலுக்கு நீர் பாய்ச்சுகின்றது.

அண்மையிலுள்ள அவுக்கன புத்தர் சிலை 12 மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடையது. பிற்பகலில், வட்டகாமினி அபயன் காலந்தொட்டு வளர்ந்த தம்புள்ளைக் குகைக்கோயில்களைக் காணலாம். ஐந்து குகைகளின் கூரைகளும் சுவர்களும் ஓவியங்களாற் போர்த்தப்பட்டவை. அன்றிரவு தம்புள்ளையிலேயே தங்குதல் மறுநாள் வைகறைப் பயணத்துக்கு வசதியாகும்.

நான்காம் நாள்: சிகிரியாவும் மின்னேரியாவும்

சிகிரியாவை வாயில் திறந்தவுடனே ஏறத் தொடங்குதல் வேண்டும். சுற்றுவெளியினின்றும் ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் இப்பாறை, காசியப்பன் ஆண்ட கி. பி. 477 முதல் 495 வரையுள்ள காலத்தில் அரண்மனையாயிற்று. ஏறுமுன் நீர்ப்பூங்காவில் அரைமணி நேரம் தங்குதல் நன்று. அங்குள்ள நீரூற்றுக்கள் சில மழைக்காலத்தில் இன்றும் இயங்குகின்றன. பாறைமுகட்டில் மலைத்தேனீக்களும் குளவிகளும் கூடு கட்டுதலால், கூச்சலிடுதல் அறவே விலக்கப்படல் வேண்டும். இருதய நோயும் ஆஸ்துமாவும் உடையோரைப் புறப்படுமுன்னரே அறிந்து, அவர்களை நீர்ப்பூங்காவிற் தக்க பணியோடு நிறுத்துதல் பொறுப்பாசிரியர் கடன்.

ஓவியங்களுக்குக் கீழேயுள்ள கண்ணாடிச் சுவரில் ஆயிரமாண்டுகளுக்கு முன்னர் வந்து சென்றோர் எழுதிய பாடல்கள் உள. அவற்றுள் 685 பாடல்களைப் பேராசிரியர் செனரத் பரணவிதான படித்து 1956இல் வெளியிட்டார். ஈண்டு மாணவனொருவன் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: பண்டையோர் எழுதியது செல்வமாயின், இன்று தான் எழுதுவது மட்டும் குற்றமாதல் எவ்வாறு? இக்கேள்வியை அடக்குதல் கூடாது, விடையளித்தல் வேண்டும். அன்று சுவர் புதியது, இடமும் நிறைய இருந்தது. இன்று எழுதும் ஒவ்வோர் எழுத்தும் பழைய எழுத்தொன்றின்மேலேயே விழும். 1967ஆம் ஆண்டிற் தீயோர் சிலர் இவ்வோவியங்களின்மேல் வர்ணம் பூசிச் சிதைத்தனர். உரோமாபுரியிலிருந்து வந்த நிபுணர் லூசியானோ மராண்சியின் உதவியோடு பலவற்றைச் செப்பனிட நேர்ந்தது. தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டு தொட்டு இவற்றைக் காக்கின்றது. ஆயினும், சட்டம் காப்பதினும் உணர்வு காத்தலே உறுதியானது. பாடவேண்டும் என்னும் அவா எழுந்தோர் குறிப்பேட்டிற் பாடுவாராக; சிறந்த பாடல் கல்லூரிச் சஞ்சிகையில் இடம்பெறலாம்.

பிற்பகலில் மின்னேரியா. இதுவும் மகாசேனன் அமைத்த குளமே. சூழவுள்ள நிலம் 1997இல் தேசிய பூங்காவாயிற்று. கோடையிற் குளநீர் வற்ற, வெளிப்பட்ட படுகையிற் பசும்புல் முளைக்கும். அப்புல்லையும் எஞ்சிய நீரையும் நாடிச் சுற்றுக்காடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான யானைகள் வந்து கூடும். நீர்மட்டம் உயர்ந்திருக்கும் ஆண்டுகளிற் புல்வெளி சுருங்குதலால் யானைகளும் குறையும். பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதலாய மரங்களையும், நீரோரத்து மருதினையும் மரக்குழு ஈண்டு இனங்கண்டு குறித்தல் வேண்டும். மனிதர்க்கென ஒரு வேந்தன் கட்டிய அணை, பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் வனவிலங்குக்கும் உயிர்நிலையாய் நிற்றல் இப்பயணத்தின் அரிய காட்சிகளுள் ஒன்று.

ஐந்தாம் நாள்: பொலன்னறுவை

993ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசன் படையெடுப்போடு அநுராதபுரத்தின் தலைமை முடிந்தது. சோழர் பொலன்னறுவையைச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டுத் தலைநகராக்கினர். 1070இல் முதலாம் விசயபாகு அவர்களை வென்றபின்னரும் அதுவே தலைநகராய் நிலைத்தது. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, முன்னரிருந்த குளங்களைப் பெருக்கி இணைத்து, கடலெனப் பெயர்பெற்ற பராக்கிரம சமுத்திரத்தை ஆக்கினான்.

ஈண்டுச் சைவ மாணவர் முதலிற் தேடுவது சிவாலயங்களையே. முற்றும் கருங்கல்லாலாய இரண்டாம் சிவாலயம், வானவன்மாதேவி ஈச்சரம் என இராசேந்திரனின் தாயின் பெயராற் சோழர் காலத்தில் எழுந்தது. முதலாம் சிவாலயம் பாண்டியர் கட்டடமுறையைச் சார்ந்து பின்னெழுந்தது. 1907, 1908ஆம் ஆண்டளவிலும் 1960ஆம் ஆண்டிலும் இந்நகரத்துச் சிவாலயங்களிற் கண்டெடுக்கப்பட்ட நடராசர் முதலாய செப்புத்திருமேனிகள் உலகப் புகழ் பெற்றவை. ஆயினும், அவற்றோடு நின்றுவிடுதல் அறியாமை. கல்விகாரையில் ஒரே பாறையிற் செதுக்கிய நான்கு உருவங்களுள், ஏறத்தாழ 14 மீற்றர் நீளமுடைய கிடந்த திருவுருவின் தலையணையில், தலை அழுந்தியவிடத்துப் பதிவையும் சிற்பி காட்டியுள்ளான். புத்தரின் தந்தப்பல்லைப் பேணிய கோயிலின் அருகே நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டுத் தமிழில் எழுதப்பட்டது. பௌத்தர்க்கு உயிரினும் அரிய அப்பொருளைக் காக்கும் பொறுப்பை ஏற்ற வேளைக்காரப் படையினர், தம் சூளுறவை அக்கல்லிற் பொறித்தனர். இந்நாட்டின் வரலாறு ஓரினத்தாரின் தனிக்கதையன்று என்பதை மேடைப்பேச்சு உணர்த்துவதினும் அக்கல் தெளிவாக உணர்த்துகின்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில், 1215இல் நிகழ்ந்த மாகன் படையெடுப்பையடுத்து, இந்நகரமும் படிப்படியாகக் கைவிடப்பட்டது. போரோ, குளங்களைப் பேணிய அமைப்புச் சிதைந்தமையோ, மழைமாற்றமோ, மலேரியாவோ காரணம் என அறிஞர் பலபடக் கூறுவர். வண்டியிற் திருக்கோணமலை நோக்கிச் செல்லும் ஏறக்குறைய 130 கிலோமீற்றர் பயணத்தில் எட்டுக் குழுக்களும் தத்தம் சான்றுகளைக் கொண்டு இதனை ஆராயலாம். இடைவழியிற் கந்தளாய்க் குளக்கட்டு ஓய்வுக்கு உரியது. அபறணைக் காட்டுவழியில் யானைகள் வீதியைக் கடப்பனவாதலின், இருள்முன் திருக்கோணமலையைச் சேருமாறு நேரத்தை வகுத்தல் இன்றியமையாதது.

ஆறாம் நாள்: கோணேசர் திருமுன்

ஐந்து நாள் நீர்வழியே நடந்த பயணம் கடலில் முடிதல் பொருத்தமுடையது. கி. பி. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருக்கோணேச்சரம் 1622இற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன. கோட்டை வாயிலில் இன்றும் காணப்படும் கயற்சின்னமும் தமிழ்க் கல்வெட்டுத் துண்டும் அதற்குச் சான்று. 1950இல் நிலத்தை அகழ்ந்தபோது பழைய திருமேனிகள் சில வெளிப்பட்டன. 1963இற் புதிய ஆலயத்தின் குடமுழுக்கு நிறைவேறியது. ஐந்து நாளாய்ப் பிறர் வழிபாட்டிடங்களிற் காலணி களைந்து நின்ற மாணவன், தன் கோயிலும் ஒருகால் இடிபாடாய்க் கிடந்ததை ஈண்டு உணரும்போது, இடிபாடு என்னும் சொல்லின் பொருளே அவனுக்கு வேறாகிவிடும்.

திரும்பும் வழியில் வெல்கம் விகாரைக்கு ஒருமணி நேரம் ஒதுக்குதல் வேண்டும். சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப்பட்ட இப்பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் அளித்த கொடைகளைத் தமிழ்க் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. சைவ வேந்தன் பெயராற் பௌத்தப் பள்ளியொன்று விளங்கியமை, சமயப் பொறைக்கு ஏட்டுச்சான்றன்று, கற்சான்று.

பாதுகாப்பும் ஒழுக்கமும்

விதிகள் பலவாயின் ஒன்றும் நில்லாது, சிலவாயின் நிலைக்கும். முதலாவது, எக்குளத்திலும் மாணவர் நீராடலாகாது. பழங்குளங்களின் கட்டோரம் ஆழமுடையது, முதலைகளும் உண்டு. இரண்டாவது, கொதித்தாறிய நீரையே பருகல் வேண்டும். மூன்றாவது, ஒவ்வோரிடத்தும் இறங்கும்போதும் ஏறும்போதும் குழுத்தலைவன் தன் ஐவரை எண்ணுதல் வேண்டும். நான்காவது, புத்தர் உருவங்களுக்கு முதுகு காட்டி நின்று படமெடுத்தலும், இடிபாடுகளின்மேல் ஏறியமர்தலும் கூடா. ஐந்தாவது, ஓடு, செங்கல், மணி என எத்துண்டையும் எடுத்துவரலாகாது; கிடந்தவிடத்தே கிடப்பின் அது சான்று, சட்டைப்பைக்குள் வந்தபின் வெறுங்கல். இவ்வைந்தனையும் காரணத்தோடு கூறின் மாணவர் காப்பர்.

ஒவ்வோரிரவும் உணவுக்குப்பின் அரைமணி நேரம், அன்று கண்டவற்றுள் விளங்காத ஒன்றனை ஒவ்வொரு குழுவும் எடுத்துரைத்தல் வேண்டும். விளங்கியவற்றைக் கூறச் சொல்லின் கேட்டதையே ஒப்புவிப்பர். விளங்காததைக் கூறச் சொல்லினே சிந்திப்பர். மீண்டபின் இரண்டு வாரத்துள் எட்டுக் குழுக்களின் அறிக்கைகளும் ஒன்றாய்க் கட்டப்பட்டு நூலகத்தில் வைக்கப்படின், அடுத்த ஆண்டு செல்வோர் அதிலிருந்தே தொடங்குவர், வழுவுடையவற்றைத் திருத்துவர். இவ்வாறு பத்தாண்டு நிகழுமாயின், அக்கல்லூரிக்குத் தனதேயான ஒரு வழிகாட்டிநூல் உருவாகும்.

அநுராதபுரமும் பொலன்னறுவையும் சிகிரியாவும் 1982இல் உலக மரபுரிமைச் சொத்துக்களாக ஏற்கப்பட்டன. உலகம் அவற்றைத் தன் உடைமையென்று கூறும் நாளில், இந்நாட்டு மாணவனொருவன் அவற்றினிடையே அந்நியனாய் நிற்றல் தகாது. எல்லாம் தன்னவரே ஆக்கினரென வீண்பெருமை கொள்ளுதலும் தகாது. சான்று காட்டுமளவுக்கு உரிமையும், சான்றில்லாவிடத்து அடக்கமும் கொள்ளுதலே கற்றோர் இயல்பு. அவ்வியல்பை ஆறு நாளில் முற்றும் ஊட்டிவிட இயலாது. ஆயினும், குளக்கட்டொன்றில் நின்று, இந்நீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே செல்கின்றது என்று ஒரு மாணவன் தானாகவே வினவத் தொடங்குவானாயின், அச்சுற்றுலா தன் பயனை அடைந்ததென்றே கொள்ளலாம்.